கிராமங்களில் ரத்தசோகை: திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கிராம முகாம்களில் ரத்தம் எடுத்து, மறுநாள் முடிவுத் தாளைக் கையில் கொடுக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்தவன் நான். தாளை வாங்கியவர்கள் உடனே கிளம்ப மாட்டார்கள். கேட்டதையே கேட்பார்கள், நானும் சொன்னதையே சொல்வேன். பிறகு செவிலியர்களும் மாணவர்களும் அதே சந்தேகங்களோடு வந்தார்கள், கொஞ்சம் படித்த வார்த்தைகளில். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. நான் ஆய்வுக்கூடத்து ஆள். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ரத்தசோகைன்னா உடம்புல ரத்தம் குறைஞ்சு போச்சுன்னு அர்த்தமா?

இல்லை. பெரியவர் ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ரத்தசோகை வந்தவருக்கும் பெரும்பாலும் அதே அளவுதான். குறைவது அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபின். சிவப்பணுக்களுக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் அது. லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சரக்கு பாதிதான் ஏறியிருக்கும். சிலருக்கு லாரிகளே குறைந்திருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும். காய்ச்சல் எப்படியோ அப்படித்தான் ரத்தசோகையும். காய்ச்சல் என்றதும் 'எதனால்?' என்று கேட்கிறோம் அல்லவா? ரத்தசோகை என்றால் மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நேராக மாத்திரைக்குப் போய்விடுகிறோம்.

எத்தனை இருந்தா நார்மல்? ஒருத்தர் 11 போதும்ங்கறார், இன்னொருத்தர் 12 வேணும்ங்கறார்.

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், யாரைப் பற்றிச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. கர்ப்பம் இல்லாத பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி ஹீமோகுளோபின் நீர்த்துத் தெரியும் என்பதால் அப்போது மட்டும் 10.5. இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு 11. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு முன்பு 11 என்றிருந்ததை 2024 வழிகாட்டுதலில் 10.5 ஆகக் குறைத்தார்கள்.

கடுமையான ரத்தசோகை என்பது கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் 7க்குக் கீழே, மற்றவர்களுக்கு 8க்குக் கீழே. இந்த எண் வந்தால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கிராமத்துல நிஜமாவே ஜாஸ்தியா, இல்ல சும்மா சொல்றாங்களா?

ஜாஸ்திதான். ஆனால் எவ்வளவு ஜாஸ்தி என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். முதலில் உலகக் கணக்கு: 2021இல் ஏறக்குறைய 192 கோடி பேருக்கு ரத்தசோகை இருந்தது என்பது மதிப்பீடு. நான்கில் ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 2019க்குச் சொன்ன அளவுகளின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 40 சதவீதம், கர்ப்பிணிகளில் 37 சதவீதம், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30 சதவீதம்.

கிராமம், நகரம் என்று பிரித்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு வசதியானது. 2019–21 சுற்றில் 15–49 வயதுப் பெண்களில் கிராமத்தில் 58.5 சதவீதம், நகரத்தில் 53.8. குழந்தைகளில் 68.3க்கு 64.2. கர்ப்பிணிகளில் 54.3க்கு 45.7. ஆண்களில் 27.4க்கு 20.4. எல்லா வரிசையிலும் கிராமம்தான் மேலே. அதே சமயம், நகரத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதையும் இதே கணக்குதான் சொல்கிறது. ஒரு மக்கள்தொகையில் 40 சதவீதத்தைத் தாண்டினாலே கடுமையான பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது உலக அளவுகோல். 'கிராமத்துப் பிரச்சினை' என்று ஒதுக்கி வைக்க வழியே இல்லை.

என்னைக் கேட்டால், கிராமத்துக்கும் நகரத்துக்கும் உண்மையான வேறுபாடு எண்ணிக்கையில் இருப்பதைவிடக் காரணங்களின் கலவையில்தான் அதிகம் இருக்கிறது.

உழைக்கிறவங்க, கீரையும் பயறும் சாப்பிடறவங்க. அவங்களுக்கு ஏன் வரணும்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சாப்பிடும் இரும்பு வேறு, உடம்பில் சேரும் இரும்பு வேறு. இறைச்சி, மீனில் உள்ள இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை குடல் உறிஞ்சும். தானியம், பயறு, கீரையில் உள்ளதில் அதைவிட மிகக் குறைவு, சில வேளைகளில் 2 சதவீதம்கூட. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதுவும் குறையும். புளிப்புப் பழம் சேர்ந்தால் கூடும். ஆக, தட்டு நிறையக் கீரை இருந்தும் உடம்புக்கு ஒரு நாளில் போய்ச் சேர்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான்.

இனி செலவுக் கணக்கு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களின் தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும். ஒரு வகைப் புழு நாளைக்கு 0.03 மில்லி, பெரிய வகை 0.15 மில்லி. ஒரு புழுவுக்கு இது ஒன்றுமில்லைதான். சிறிய வகையிலேயே நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி ரத்தம். அதில் ஒரு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போகும். அதாவது கீரையும் பயறும் சேர்த்துச் சம்பாதித்துக் கொடுத்ததை வாசலிலேயே வாங்கிக்கொண்டு போகும் கடன்காரன். இதோடு மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், தாய்ப்பால் காலம். ஒரு கர்ப்பம் முழுவதற்கும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தேவை. இரண்டு பிரசவத்துக்கு நடுவே இடைவெளி குறைந்தால் உடம்பு அந்தக் கடனை அடைக்கவே முடியாது.

உழைப்பைப் பற்றி ஒரு பழைய கதை. 1880இல் ஆல்ப்ஸ் மலையில் கோட்ஹார்ட் ரயில் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்கள் வெளுத்துப்போய்ச் சுருண்டு விழுந்தார்கள். காரணம் கொக்கிப்புழு என்று அப்போதுதான் தெரிந்தது. கழிப்பிடம் இல்லாத, ஈரமான, வெதுவெதுப்பான சுரங்கம் புழுவுக்குத் தோதாகப் போயிற்று. 1909இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க ராக்பெல்லர் ஆணையம் வேலையைத் தொடங்கியபோது பள்ளிக் குழந்தைகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு இந்தப் புழு இருந்தது. அதுவரை அந்த நாட்டுப்புற மக்களைச் சோம்பேறிகள் என்று ஏசியிருந்தார்கள். பத்திரிகைகள் புழுவுக்கே 'சோம்பேறித்தனக் கிருமி' என்று பெயர் சூட்டின. 'வேலைக்கு வணங்க மாட்டேங்கிறான்' என்று யாரையாவது திட்டுவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வகை வகைன்னு சொல்றீங்க. மொத்தம் எத்தனை?

பட்டியல் போட்டால் நூறு வரும், அது உங்களுக்குத் தேவைப்படாது. மூன்று வழிகளில்தான் ஹீமோகுளோபின் குறைய முடியும்: உற்பத்தி போதாமல் இருப்பது, ரத்தம் வெளியே கசிவது, சிவப்பணு ஆயுள் முடியும் முன்னே உடைவது. சிவப்பணுவின் சராசரி ஆயுள் 120 நாள். மலேரியாவும், பரம்பரையாக வரும் அரிவாள் அணு நோயும் அதைப் பாதியிலேயே முடித்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது அணுவின் அளவு. தாளில் எம்.சி.வி. என்று இருக்கும். 80க்குக் கீழே என்றால் சின்ன அணு: இரும்புக் குறைவோ, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறோ. 100க்கு மேலே என்றால் பெரிய அணு: ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்) அல்லது பி12 என்ற வைட்டமின்கள் குறைவு என்ற சந்தேகம். நடுவில் இருந்தால் நாள்பட்ட தொற்று, சிறுநீரகக் கோளாறு, அண்மையில் ரத்தம் போனது இப்படி. இரும்பும் குறைந்து பி12ம் குறைந்த ஒருவருக்கு இரண்டும் ஒன்றையொன்று மறைத்து, சராசரி 'நார்மல்' என்று காட்டும். கிராமத்து மாதிரிகளில் இந்த ஏமாற்று வேலை அபூர்வம் ஒன்றும் இல்லை.

எல்லாம் சரி, கடைசியில எல்லாமே இரும்புச்சத்துக் குறைவுதானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். உலகத்து ரத்தசோகையில் பாதி இரும்புக் குறைவால் என்று பல ஆண்டுகள் எல்லோரும் எழுதிவந்தார்கள். ஒரே நபரிடம் ஹீமோகுளோபினையும் இரும்பையும் சேர்த்து அளந்த தேசிய ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2016இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகளின் ரத்தசோகையில் 25 சதவீதமும், கர்ப்பமில்லாத பெண்களின் ரத்தசோகையில் 37 சதவீதமும்தான் இரும்புக் குறைவைச் சார்ந்தவை. ரத்தசோகை 40 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் கிராமப்புறத்தை மட்டும் எடுத்தால் அது 14 சதவீதம், 16 சதவீதம் என்று இறங்கிவிட்டது. எங்கே ரத்தசோகை அதிகமோ அங்கேதான் இரும்பின் பங்கு குறைவு!

வங்காளதேசம் இதற்கு நல்ல சாட்சி. 2011–12இல் அங்கே நடந்த தேசிய ஆய்வில் கர்ப்பிணியும் பாலூட்டுபவருமல்லாத பெண்களில் 26 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, இரும்புக் குறைவோ 7 சதவீதம் பேருக்குத்தான். இரும்புக் குறைவு ஏன் இவ்வளவு கம்மி என்று காரணம் தேடியபோது கை காட்டியது குழாய்க் கிணறு. அந்த நிலத்தடி நீரிலேயே இரும்பு நிறைய இருக்கிறது, மக்கள் தினமும் அதைக் குடிக்கிறார்கள். இந்தியாவில் 2016–18இல் குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் பார்த்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், இரும்புக் குறைவு கிராமத்தைவிட நகரத்தில்தான் அதிகம் என்று வந்தது. அதே ஆய்வில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் ரத்தசோகையில் இரும்பு சார்ந்தது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. மீதியில் ஒரு பகுதி ஃபோலேட், பி12. இன்னொரு பெரும் பகுதி 'மற்ற காரணங்கள்'.

இதைச் சொன்னதும் 'அப்போ மாத்திரை வேண்டாமா?' என்று கிளம்பிவிடாதீர்கள். தனிக் காரணம் என்று எடுத்தால் இன்னும் இரும்புக் குறைவுதான் முதலிடத்தில் நிற்கிறது. கர்ப்பிணிக்கு இரும்பு மாத்திரை உயிர் காக்கும் மருந்து. நான் சொல்வது, முதலிடம் என்பதை முழு இடம் என்று படிக்காதீர்கள் என்பதுதான்.

ஃபோலிக் ஆசிட்டையும் ஏன் சேர்த்துக் குடுக்கறாங்க?

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஒரு விசித்திரமான ரத்தசோகை. அணுக்கள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்தன. அவர் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார், தேறினார்கள். அதில் இருந்த ஏதோ ஒன்றுக்கு 'வில்ஸ் காரணி' என்று பெயர் வந்தது. 1941இல் கீரை இலைகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இலையில் இருப்பது என்றாலும் அதிக நேரம் வேகவைத்தால் அழிந்துவிடும். கர்ப்பத்தில் தேவை கூடுவதால் இரும்போடு சேர்த்துத் தருகிறார்கள்.

பி12 கதை வேறு. அது விலங்கு உணவில்தான் இயல்பாகக் கிடைக்கும். கல்லீரல் பல வருஷத்துக்குச் சேமித்து வைக்கும், அதனால் குறைவு மெதுவாகத்தான் தலைகாட்டும். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிட்டது போலத் தோன்றும், நரம்புப் பாதிப்பு பின்னால் வளர்ந்துகொண்டே போகும். கால் மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் அதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

எங்க வீட்ல எல்லாருக்குமே கம்மிதான். பரம்பரையா வருமா?

வரும். ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு என்பதாலும் எல்லோருக்கும் குறையலாம், அதனால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. பரம்பரை வகைகளில் முக்கியமானவை இரண்டு. தலசீமியாவில் ஹீமோகுளோபினை ஆக்கும் புரதச் சங்கிலிகளில் ஒன்று போதுமான அளவு உருவாகாது. 1925இல் தாமஸ் கூலி இதை விவரித்தார். அரிவாள் அணு நோயில் ஹீமோகுளோபினே மாறிப்போய், ஆக்சிஜன் குறையும்போது அணு அரிவாள் போல வளையும். 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் முதலில் எழுதினார். 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பதைக் கண்டறிந்தார்கள்.

பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால் அவர் சுமப்பவர், நோயாளி அல்ல. இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சில நிலப்பகுதிகளில் மட்டும் இது ஏன் குவிந்து கிடக்கிறது? அரிவாள் அணுவைச் சுமப்பவர்களை மலேரியா அவ்வளவாக வீழ்த்துவதில்லை என்று 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்த அந்தோனி ஆலிசன் காட்டினார். மலேரியா வாட்டிய நிலங்களில் அந்த மரபணு ஒரு கவசம். காட்டோரக் கிராமங்களில் இது அதிகம் தெரிவதற்கு வேர் அங்கேதான். இந்தியாவில் 2023 ஜூலையில் தொடங்கிய அரிவாள் அணு நோய் ஒழிப்புத் திட்டம் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கோடு வந்தது.

ரெண்டு இடத்துல பார்த்தேன். ஒண்ணுல 9.8, இன்னொண்ணுல 11.4. எதை நம்பறது?

முதலில் கேட்க வேண்டியது, விரல் நுனியில் குத்தினார்களா, முழங்கை மடிப்பில் ஊசி போட்டு எடுத்தார்களா என்பது. விரலில் குத்தும்போது ரத்தம் வராவிட்டால் பிசைவோம். நானே பிசைந்திருக்கிறேன், முகாமில் வரிசை நீளமாக இருக்கும்போது எல்லோரும் செய்வதுதான். பிசைந்தால் திசுநீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். குளிரில் விறைத்த விரல், காயாத ஸ்பிரிட், முதல் சொட்டைத் துடைக்காமல் எடுப்பது எல்லாம் எண்ணை மாற்றும். சாலி முறை என்ற பழைய குழாயில் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட வேண்டும். ஒருவர் கண்ணுக்கு 10, இன்னொருவருக்கு 11. ஊசி போட்டு எடுத்து இயந்திரத்தில் பார்த்ததையே நம்புங்கள்.

இது உங்கள் ஒருவர் பிரச்சினை மட்டும் இல்லை, நாட்டுக் கணக்கே இதில் ஆடும். மேலே சொன்ன குடும்பநல ஆய்வு விரல் ரத்தத்தைப் பார்த்தது, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் 67 சதவீதம் என்றது. ஊட்டச்சத்து ஆய்வு ஊசி போட்டு எடுத்தது, ஒன்று முதல் நான்கு வயதில் 41 சதவீதம் என்றது. வயதும் ஆண்டும் சற்று வேறு என்று கழித்துக்கொண்டாலும் இத்தனை பெரிய இடைவெளிக்கு அது போதாது.

எனக்கு 8.5 தான். ஆனா நல்லாத்தானே இருக்கேன்?

மெதுவாகக் குறைந்ததால் உடம்பு பழகிவிட்டது. இதயம் கொஞ்சம் வேகமாக அடித்துச் சமாளிக்கிறது. அந்தச் சமாளிப்புக்கு எல்லை உண்டு, பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலே தெரிந்துவிடும். 'நல்லாத்தான் இருக்கேன்' என்றவர்களிடம் மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்கிறீர்களா, மண், அரிசி, ஐஸ் தின்ன ஆசை வருகிறதா என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

ஆம்பளைக்கு எதுக்கு இந்த டெஸ்ட் எல்லாம்?

மேலே மூன்றாவது பதிலில் கிராமத்து ஆண்களின் எண்ணைத் திரும்பப் பாருங்கள்: நான்கில் ஒருவருக்கு மேல். ஆண்களுக்கு மாதவிடாய் இல்லை. ஐம்பது தாண்டிய ஆணுக்கு இரும்பு குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். மூலம், இரைப்பைப் புண், சில சமயம் குடல் புற்றுநோய். வலி மாத்திரையைத் தினமும் போடுகிறவர் என்றால் சந்தேகம் இரட்டிப்பு. இவர்களுக்கு இரும்பு மாத்திரை கொடுத்து எண்ணை ஏற்றிவிட்டு அனுப்புவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

மூணு மாசமா மாத்திரை சாப்பிடறேன், ஏறவே இல்லையே?

உண்மையாகவே மூன்று மாதமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், மலம் கறுப்பாகப் போகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று பத்தாம் நாளே நிறுத்தியவர்கள் நிறைய. கறுப்பு நிறம் இரும்பால் வருவது, கெடுதல் இல்லை. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டிக் குடலின் கதவை ஒரு நாள் போலச் சாத்திவிடும். அதனால் இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சும் பங்கு கூடுகிறது என்று சூரிச்சில் செய்த ஆய்வுகள் காட்டின.

ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஒன்றிரண்டு கிராம் ஏற வேண்டும். எண் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதமாவது தொடரச் சொல்வார்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் மருந்தின் மீது பழி போடாமல் காரணத்துக்குத் திரும்புங்கள்: புழு இன்னும் இருக்கிறதா, ரத்தம் எங்கேயாவது போகிறதா, இது இரும்புக் குறைவுதானா. தலசீமியாவைச் சுமக்கும் சிலருக்கு ஆயுள் முழுக்க 10, 11 தான் இருக்கும். மாத்திரை சாப்பிட்டு ஏறாது, ஏற வேண்டியதும் இல்லை.

ஃபெரிட்டின் நார்மல்னு வந்திருக்கு. அப்ப இரும்புக் குறைவு இல்லைன்னு முடிவு பண்ணிடலாமா?

மாணவர்கள் அடிக்கடி கேட்பது. ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமிக்கும் புரதம். பெரியவர்களுக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் கையிருப்பு காலி என்று உறுதியாகச் சொல்லலாம். சிக்கல் மேல்பக்கம்தான். உடம்பில் தொற்றோ வீக்கமோ இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். உள்ளே இரும்பு இல்லாமலே எண் நன்றாக இருக்கும். அதனால் தொற்று உள்ள பெரியவர்களுக்கு 70, சின்னக் குழந்தைகளுக்கு 30 என்று எல்லையை உயர்த்தி வைத்துப் படிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மேலே சொன்ன 14, 16 சதவீதங்களையும் இந்தக் கண்ணால் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். தொற்று மலிந்த கிராமங்களில் இரும்புக் குறைவு ஓரளவு ஒளிந்திருக்கக் கூடும். இதே தொற்றுதான் ஹெப்சிடினையும் ஏற்றி, இருக்கும் இரும்பையும் பூட்டி வைத்துவிடுகிறது. பெட்டியில் பணம் இருந்தும் சாவி கிடைக்காத கதை.

பேசாம எல்லாருக்கும் இரும்பு மாத்திரை குடுத்துட்டா முடிஞ்சுதே?

தான்சானியாவில் பெம்பா என்றொரு தீவு. மலேரியா கொடிகட்டிப் பறந்த இடம். அங்கே 24,076 சின்னக் குழந்தைகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2006இல் வந்தது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் வாங்கிய குழந்தைகளிடையே மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்து 12 சதவீதம் அதிகம். நல்லது செய்யப் போய் இப்படி! ஆனால் அதே சோதனையில், உண்மையாகவே இரும்புக் குறைவும் ரத்தசோகையும் இருந்த குழந்தைகளுக்கு மாத்திரை நன்மையே செய்தது. அதற்குப் பிறகு, மலேரியா பகுதிகளில் மலேரியாத் தடுப்பும் சிகிச்சையும் இருந்தால்தான் குழந்தைகளுக்கு இரும்பு என்று வழிகாட்டுதலைத் திருத்தினார்கள்.

அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிக்கு வேறு ஆபத்து. ஏற்றும் ரத்தத்திலேயே இரும்பு வந்து உடம்பில் தேங்குகிறது. அவருக்குத் தேவை இரும்பை வெளியேற்றும் மருந்து.

மலைமேல இருக்கிறவங்களுக்கும் இதே கணக்கா?

இல்லை. உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடும். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் தொடங்கியே திருத்திக்கொள்ள வேண்டும். புகைப்பவர்களுக்கும் ஒரு திருத்தம் உண்டு.

இத்தனை வருஷமா திட்டம் போட்டும் ஏன் குறையவே இல்லை?

இந்தியாவில் பெண்களின் அளவு 2015–16இல் 53.1 சதவீதம், 2019–21இல் 57. குழந்தைகளில் 58.6இலிருந்து 67.1. குறையாதது மட்டுமில்லை, கூடியிருக்கிறது. உலகக் கதையும் பெருமைப்படும்படி இல்லை. 2025க்குள் பெண்களின் ரத்தசோகையைப் பாதியாக்குவது என்று 2012இல் இலக்கு வைத்து, பிறகு அதை 2030க்குத் தள்ளினார்கள்.

இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். அளவே தவறு என்பது ஒன்று. விரல் ரத்தக் குழப்பம் முன்பே சொன்னேன். இந்தியாவின் அடுத்த சுற்றுக் குடும்பநல ஆய்விலிருந்து அந்தச் சோதனையை எடுத்துவிட்டு, ஊசி போட்டு எடுக்கும் தனி ஆய்வுக்கு மாற்றியதும் இதனால்தான். 2021இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: ஆரோக்கியமான இந்தியக் குழந்தைகளை வைத்துப் புது எல்லை வகுத்தால் 1–19 வயதில் ரத்தசோகை 30 சதவீதத்திலிருந்து 11ஆக இறங்கிவிடும் என்றது. இரண்டாவது பதில், காரணத்தைப் பிரிக்காமல் ஒரே மருந்தை ஊற்றினோம் என்பது. எனக்கு இரண்டிலும் உண்மை இருப்பதாகப் படுகிறது. ஆனால் எல்லைக்கோட்டைக் கீழே இறக்கி எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் 7இல் கிடக்கும் கர்ப்பிணிக்கு என்ன ஆகப்போகிறது என்ற எரிச்சலும் எனக்கு உண்டு. முகாமில் அவரைக் கண்ணால் பார்த்தவனுக்கு அது போகாது.

சரி, தாளை வச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட நான் என்னதான் கேட்கறது?

ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் காட்டாதீர்கள், சி.பி.சி. என்ற முழு ரத்த எண்ணிக்கைத் தாளைக் கொண்டுபோங்கள். 'என் அணு சின்னதா, பெரிசா?' என்று கேளுங்கள். சின்னது என்றால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது: எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால், மில்லியன் கணக்கில், வகுத்துப் பாருங்கள். 13க்குக் கீழே வந்தால் தலசீமியாச் சந்தேகம், மேலே வந்தால் இரும்புக் குறைவு. மென்ட்ஸர் என்பவர் 1973இல் சொன்னது. உதாரணமாக 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11 சொச்சம். இது சந்தேகத்தைக் கிளப்பும் கணக்குத்தான், உறுதிசெய்ய ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை தனியாக வேண்டும்.

பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், மாதவிடாய் எத்தனை நாள், எந்த வலி மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறீர்கள், வீட்டில் வேறு யாருக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். பழைய தாள்களையும் எடுத்துப் போங்கள். ஐந்து வருஷமாக 10.6இலேயே நிற்பவரும், ஆறு மாதத்தில் 13இலிருந்து 10.6க்கு வந்தவரும் ஒரே எண்ணோடுதான் வரிசையில் நிற்பார்கள்.